இளையான்குடியார் இல்லத்து அடுக்களையும் இன்றைய தொழிலாளர் அடுப்பும்

‘சைவம்’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டில் இன்று மிகுதியாக வழங்குவோர் சமயவாணர் அல்லர். உணவு விடுதி நடத்துவோரே ஆவர். தீக்கை, திருநீறு, சித்தாந்தம் என்பவற்றை அறியாத ஒருவரும் ‘நான் சைவம்’ என்று கூறினால், அவர் புலால் உண்ணாதவர் என்று நாம் தெரிந்துகொள்கிறோம். ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவு முறைக்கும் பெயராகிவிட்டது. இது நமக்குப் பெருமை தருவதே. ஆயினும் புலாலை மறுத்த அளவிலே உணவு நல்லுணவாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. மைதாவினாற் செய்த புரோட்டாவும் சைவமே. எண்ணெயில் மிதந்து வந்த வடையும் சைவமே. மூன்று வேளையும் வெறுஞ்சோற்றில் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதும் சைவமே. இவற்றால் உடல் தேறுமா என்பதுதான் வினா. இவ்வினா இன்று கூர்மையாக எழுகின்ற இடம் ஒன்று உண்டு. அது, திருப்பெரும்பூதூர் தொடங்கி ஒரகடம் வரையில் விரிந்து கிடக்கும் தொழிற்சாலைப் பகுதி.

இப்பகுதி நமக்குப் புதிதன்று. திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர் இதன் அயலிலே உள்ளது. அருணகிரிநாதர் பாடிய வல்லக்கோட்டை முருகன் திருக்கோயில் ஒரகடத்திற்குச் செல்லும் வழியிலே உள்ளது. ஏரியும் வயலுமாக இருந்த இந்நாட்டில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்பூதூரில் நோக்கியா நிறுவனம் 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கி 2014-இல் கதவடைத்தது. ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டாலை 2010-இல் திறக்கப்பட்டது. இன்னும் பல உள. இவற்றை நாடி வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் வந்து குடியேறினர். ஓர் அறையில் நால்வர் அறுவராகத் தங்கி, காலை, மாலை, இரவு என முறை மாறி மாறி வேலைக்குச் செல்லும் வாழ்க்கை இவர்களுடையது. இரவு முறை முடிந்து வருபவர்க்குக் காலை எது, மாலை எது என்பதே மயங்கும். அந்நிலையில் அடுப்பை மூட்டுவது யார்? எதைச் சமைப்பது?

இஃது அற்பமான வினா அன்று என்பதை 2021-ஆம் ஆண்டு திசம்பரில் நாடு அறிந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையிற் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. விடுதியின் தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தகுந்த தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்நெடுஞ்சாலையிலே உள்ள ஓர் ஊரின் பெயர் சுங்குவார்சத்திரம். வழிச்செல்வோர்க்குச் சோறிடும் ‘சத்திரம்’ என்னும் சொல்லைத் தன் பெயரிலே தாங்கி நிற்கும் ஊர் அது. அந்த நெடுஞ்சாலையிலேயே சோற்றின் பொருட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் அமர நேர்ந்தது என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சு பொறுப்பதில்லை. பின்னர் அரசு வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைக் கட்டி, 2024 ஆகத்தில் திறந்தது. நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆனால் விடுதிகளுக்கு வெளியே, வாடகை அறைகளில் வாழ்பவர் தொகையும் பெரிதே. அவர்களை முன்னிறுத்தியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இனி, குன்றத்தூர்ப் பெருமான் நமக்குக் காட்டிய ஓர் அடுக்களைக்குள் புகுவோம். இளையான்குடி மாற நாயனார் அடியார்க்கு அமுதளித்தே செல்வமெல்லாம் இழந்தவர். மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வருகின்றார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று வழி சொன்னவர் மனைவியார். நாயனார் இருளிற் சென்று வாரி வருகின்றார். விறகில்லை என்றபோது கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகின்றார். ஈர நெல்லை அம்மையார் வறுத்துக் குத்தி அரிசியாக்கி உலையேற்றுகின்றார். கறிக்கு என்ன செய்வது? கொல்லையில் குழியும் நிரம்பாத கீரையைப் பறித்து வருகின்றார் நாயனார். அந்த ஒரே கீரையைக் கொண்டு அம்மையார் தம் கைத்திறத்தால் வேறு வேறு கறிகளாக ஆக்கிவிடுகின்றார்.

இவ்வரலாற்றில் நாயனாரின் அன்பைப் பற்றிப் பேசாத சொற்பொழிவாளர் இல்லை. அம்மையாரின் சமையலைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. (இங்கே ‘கறி’ என்பது காய்கீரை உணவையே குறிக்கும், புலாலுக்கு அச்சொல் பெயரானது பிற்கால வழக்கு.) அவர் செய்தவற்றுள் இரண்டு செயல்கள் நம் ஆராய்ச்சிக்கு உரியவை.

முதலாவது, ஈர நெல்லை வறுத்தது. நனைந்த நெல்லைச் சூடேற்றி உலர்த்திய பிறகு குத்துவது, நெல்லைப் புழுக்கும் முறையோடு ஒத்தது. புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 என்னும் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றும் போய்விடுவதில்லை. பச்சரிசியையே வெண்மையாகத் தீட்டி உண்ட கீழை நாடுகளில் ‘பெரிபெரி’ என்னும் நோய் ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் மக்களை வாட்டியது. புழுங்கலரிசி உண்டோர் அதற்குப் பெரிதும் தப்பினர். ஆகவே நியாய விலைக் கடையிற் கிடைக்கும் புழுங்கலரிசியை இழிவாக எண்ணி, பளபளக்கும் அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்குவோர், காசையும் சத்தையும் ஒருங்கே இழக்கின்றனர் என்பது நம் கருத்து.

இரண்டாவது, ஒரே கீரையிற் பல கறி. இது புலமை, வறுமை அன்று. ஒரு கட்டு அறைக்கீரை அல்லது முளைக்கீரை வாங்கினால் நால்வருக்கு ஒரு வேளைக்குப் போதுமான மூன்று பண்டங்கள் அதில் அடங்கியுள்ளன. இலையைக் கிள்ளி, பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் மசியல். அதே இலையில் ஒரு பங்கைப் பொடியாக அரிந்து, கடுகு தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் பொரியல். இளந்தண்டை நறுக்கிப் புளிக்கரைசலிற் கொதிக்கவிட்டுச் சாம்பார்ப் பொடி சேர்த்தால் குழம்பு. கழுவும் முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அரிந்த பின்பு கழுவினால் நீரிற் கரையும் சத்துகள் வடிந்துபோகும். முழு இலையாகவே மூன்று முறை நீரில் அலசி, மண் அடியில் தங்கும்படி மேலே அள்ளி எடுத்து, பிறகே அரிதல் வேண்டும். வெந்த நீரைக் கொட்டிவிடாமல் ரசத்திற் சேர்த்துக்கொள்ளலாம்.

கீரையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் குருதிச் சோகை உடையவர்கள். ஈராயிரம் ஆண்டு இலக்கியச் செல்வமுடைய நாட்டில் பெண்டிரிற் பாதிப் பேருக்கு மேல் குருதியில் வலுவின்றி இருக்கின்றனர்! நின்றபடியே எட்டு மணிநேரம் நுண்கருவிகளைப் பொருத்தும் பெண்ணுக்குத் தலைசுற்றலும் மூச்சு வாங்குதலும் வந்தால், ‘தூக்கம் போதவில்லை’ என்று அவள் தன்னையே தேற்றிக்கொள்கிறாள். பல வேளைகளில் உண்மைக் காரணம் இரும்புச்சத்துக் குறைவே. மருத்துவரிடம் சென்று குருதியைச் சோதித்துப் பார்த்தலே முதற்கடமை. மாத்திரை வேண்டுமெனில் உண்ணத்தான் வேண்டும். கீரையொன்றே அதற்கு ஈடாகிவிடாது. ஆயினும் அன்றாட உணவிலே செய்யத்தக்கவை உள. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா முதலியவற்றின் புளிப்பிலுள்ள சி உயிர்ச்சத்து உடனிருந்தால் அது நன்கு ஏற்கப்படும். உணவோடு அருந்தும் தேநீரோ அதைத் தடுத்துவிடும். ஆலை வாயிலிலும் அறை வாயிலிலும் தேநீர்க்கடைகள் நிறைந்த இப்பகுதியில் இதைச் சொன்னால் பகைதான் மிஞ்சும், என்றாலும் சொல்கிறோம். தேநீரை விட வேண்டாம். உண்டு ஒரு மணிநேரம் கழித்து அருந்துக. மசியல் இறக்கிய பின்பு அரை மூடி எலுமிச்சையைப் பிழிக. அடுப்பிலிருக்கும்போதே பிழிந்தால் அச்சத்து சூட்டிற் சிதையும்.

அடுத்து, தானியமும் பருப்பும். அரிசி நூறு கிராமில் புரதம் ஏழெட்டுக் கிராம் அளவே உண்டு. பருப்பு வகைகளில் இருபதுக்கு மேல் உண்டு. அளவினும் சிறந்தது அவற்றின் பொருத்தம். அரிசியிற் குறைவாக உள்ள ‘லைசின்’ என்னும் கூறு பருப்பில் மிகுதி. பருப்பிற் குறைவான ‘மெதியோனின்’ அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. வெண்பொங்கல், இட்டிலி, அடை, பருப்புச் சோறு ஆகியவற்றை ஆக்கிய நம் முன்னோர் வேதியியல் நூல் படித்தவர் அல்லர். எனினும் அவர்தம் நாவும் வயிறும் நல்ல ஆசிரியராக இருந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐதராபாத்து உணவியல் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையில், நாளொன்றுக்கு இரண்டாயிரம் கலோரி உண்ணும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கீரை 400 கிராம் என்று வகுக்கப்பட்டுள்ளது. நம் தட்டுகளை நோக்குக. சோறு மலைபோலும், பருப்பு கீழ்ப்பாயும் சிற்றோடை போலும், காய் ஓரத்துப் புல் போலும் அல்லவா இருக்கின்றன! அறையில் ஒற்றை அடுப்பு வைத்திருப்பவர் செய்ய வேண்டுவது இதுதான்: இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, கையில் அகப்பட்ட காய் இரண்டு மூன்று, மிளகு, சீரகம், இஞ்சி, சிறிது மஞ்சள், உப்பு, எல்லாவற்றையும் ஒரே குக்கரில் வைத்துவிடலாம். திறந்த பாத்திரத்தில் நீர் நூறு பாகையில் கொதிக்கும். குக்கரின் அழுத்தத்தில் நூற்றிருபதை எட்டுகிறது. ஆதலால் எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். 5 கிலோ எரிவாயு உருளையை நம்பி வாழ்வோர்க்கு இஃது எளிய செய்தி அன்று.

கேழ்வரகைப் பற்றி ஒரு சொல். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. இரவு முறைக்குச் செல்லுமுன் கேழ்வரகுக் கூழ் ஒரு குவளை மோரோடு பருகினால் வயிறு கனக்காது. பசியும் விரைந்து வாராது.

இவையெல்லாம் சத்து, சுவை எங்கே என்று கேட்போர் உண்டு. சுவையற்ற உணவை மருந்துபோல் எத்தனை நாள் விழுங்குவது? இங்கேதான் தாளிப்பு என்னும் கலை துணைக்கு வருகிறது. கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை இவற்றின் மணம் நீரிற் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். குடம் குடமாக ஊற்ற வேண்டுவதில்லை. எண்ணெய் காய்ந்ததும் முதலிற் கடுகு. அது வெடித்தபின் உளுத்தம்பருப்பு. அது சிவக்கும்போது சீரகமும் மிளகாயும். இறுதியிற் பெருங்காயமும் கறிவேப்பிலையும். இவ்வரிசை மாறினால் ஒன்று கருகும். மற்றொன்று பச்சையாக நிற்கும். அத்துடன், கீரையிலுள்ள ஏ உயிர்ச்சத்துக்கு மூலமான பொருளை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். அச்சிறிது கொழுப்பு இந்தத் தாளிப்பு எண்ணெயே என்க.

மிளகாய் நம் நாட்டுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் ‘மிளகாய்’ எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்பு நம் சமையலின் காரம் மிளகே. இன்றும் திவசச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் நிவேதிக்கப்பெறும் இட்டிலியிலும் மிளகு, சீரகம், சுக்கு இவையே மணம் ஊட்டுகின்றன. அது வைணவத் திருக்கோயிலாயிற்றே என்று யாரும் புருவம் நெரிக்க வேண்டா. இட்டிலிக்குள் சமயச் சண்டை நுழைவதை நாம் விரும்பவில்லை. இரவு முறையால் வயிறு எரிச்சலுறும் தொழிலாளி, கடையில் விற்கும் செந்நிறக் குழம்பைவிட மிளகுக் குழம்பையும் சீரக ரசத்தையும் நாடுவது நலம். பூண்டும் வெங்காயமும் சேர்க்கலாமா என்பதிலும் வழக்கு பலவாறு உள்ளது. திருமுன் படைக்கும் உணவில் விலக்குக; வீட்டில் உடல்நிலைக்கும் மனத்துக்கும் இசைந்தபடி செய்க.

இனி, சமைத்ததைக் காக்கும் செய்தி. இதில் நாம் சற்று விரிவாக நிற்க வேண்டியுள்ளது. விடுதிகளில் நேர்ந்த துன்பம் அறைகளிலும் நேரக்கூடும். வெந்த சோறு தூயது என்று எண்ணுகிறோம். ‘பாசில்லஸ் செரியஸ்’ என்னும் நுண்ணுயிரின் விதைகள் அரிசியிலே இருப்பவை; கொதிநீரிலும் அவை மாள்வதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கிற் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உமிழும். அந்நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாத இயல்புடையது. ‘சுடவைத்து உண்டோமே, பின்னும் வாந்தி ஏன்?’ என்று கேட்போர்க்கு இதுவே விடை. ஆதலின் சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாக இருத்தல் வேண்டும். அன்றேல் விரைவில் ஆற்றி 5 பாகைக்குக் கீழே குளிரூட்டப் பெறுதல் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத அறையில் ஒரு வேளைக்கு வேண்டுமளவே சோறு வடித்தல் முதல் நெறி. மிஞ்சினால் அகன்ற தட்டில் பரப்பி ஆற்றி, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி வைத்து, மறுநாட் காலையிலேயே மோரும் உப்பும் கூட்டிப் பழையசோறாக உண்ணலாம். நீர் ஊற்றிய சோற்றில் இரவெல்லாம் புளிப்பூட்டும் நல்ல நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அப்புளிப்பு தீயவற்றை அடக்குகிறது. ஆயினும் மாலை வரை வைத்திருந்து உண்பது தகாது.

ஆலைக்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்வோர்க்குப் புளியோதரை உற்ற துணை. புளிக்காய்ச்சலில் நீர் வற்றியிருப்பதும், புளிப்பும் உப்பும் மிகுந்திருப்பதும், நல்லெண்ணெய் மேலே படர்ந்திருப்பதும் அதனைக் கெடாமற் காக்கின்றன. காய்ச்சலை ஒருமுறை செய்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொண்டு, அன்றன்று ஆறிய சோற்றிற் கலந்து எடுத்துச் செல்க. பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சுண்டல் இருந்தால் புரதமும் நிறையும். புளி சேர்ந்தவற்றை அலுமினியப் பெட்டியில் வைக்கலாகாது, எவர்சில்வரே ஏற்றது. தயிர்ச்சோறு கட்டுவோர், தயிரை மிகுதியாகப் பிசையாமல், ஆறிய சோற்றிற் காய்ச்சிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால், உண்ணும் வேளைக்குப் பதமாக உறைந்திருக்கும்.

பால், தயிர் என்றதும் ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். பி-12 என்னும் உயிர்ச்சத்து கீரையிலும் பருப்பிலும் இல்லை. சைவ உணவினர்க்கு அது பாலினின்றும் தயிரினின்றுமே கிடைக்கிறது. செலவைக் குறைப்பதற்காகப் பாலையும் மோரையும் அறவே நிறுத்திவிடும் இளைஞர் பலர் உளர். கை கால் மரத்துப்போதல், நாப்புண், நீங்காச் சோர்வு இவை தோன்றினால் மருத்துவரை நாடித் தெளிதல் வேண்டும். நம் உணவு முறை குறைவிலாதது என்று மேடையிற் பேசிவிடலாம். அப்பேச்சால் எவர் நரம்பும் வலுப்பெறாது.

ஒரு செய்தி எஞ்சுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஆலைக்குள் ஒரு வேளை உணவு இவ்வாறு அமைந்தது. மற்ற இரண்டு வேளைக்கும் விதி செய்வார் யார்? கணவனும் மனைவியும் இருவருமே முறை வேலைக்குச் செல்லும் இல்லங்களில், அவள் இரவு முறை முடித்து வந்து அடுப்படியில் நிற்க, அவன் கைப்பேசியை நோக்கிக் கிடத்தல் எவ்வகையிலும் நியாயம் அன்று. இளையான்குடியார் நெல்லை வாரி வந்தார், விறகு அறுத்தார், கீரை பறித்தார். அடுக்களை வேலையிற் பாதி அவருடையதே. நால்வர் தங்கும் அறையில் முறை வகுத்துக்கொள்வது இன்னும் எளிது: காலை முறையினர் மாலையிற் காயரிந்து பருப்பை ஊறவைக்க, இரவு முறையினர் விடியலில் வந்து குக்கரை ஏற்றலாம். கொண்டைக்கடலையும் பயறும் எட்டு மணிநேரம் ஊற வேண்டுவன. ஒரு முறை வேலையின் அளவும் எட்டு மணிநேரமே. வேலைக்குப் புறப்படும்போது நீரில் இட்டுச் சென்றால் திரும்பும்போது பதமாக இருக்கும். கோடைக்காலமாயின் ஊறும் நீரை இடையில் ஒருமுறை மாற்றுமாறு அறையில் இருப்பவரிடம் சொல்லிச் செல்க. பயற்றை நீர் வடித்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் முளை கட்டிவிடும். அதனை ஆவியில் வேகவைத்து எலுமிச்சையும் உப்பும் கூட்டி உண்ணலாம்.